லே-வில் இறங்கியதும் ஆக்ஸிமீட்டர் 88 காட்டுதா? மலையில் மீட்டர்களை எப்படிப் படிக்கணும்?

லடாக் கிளம்புகிறவர்களின் பையில் இப்போ பவர்பேங்க்கோடு ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் கட்டாயம் இருக்கு. சென்னையில் 98 காட்டிய அதே கருவி, லே-வில் இறங்கியதும் 88 என்கிறது. மெஷின் கெட்டுப்போச்சா, இல்ல நமக்குத்தான் ஏதாவது ஆயிடுச்சா? பதற்றப்படுவதற்கு முன்னால், உயரம் போகப் போக எது மாறும், எது மாறாது என்று தெரிஞ்சுக்கோங்க.

பிரியாணி அதேதான், தட்டுதான் சின்னது!

'மலை மேல ஆக்ஸிஜன் கம்மி' என்று சொல்வோம். ஆனால் மெரினாவிலும் லே-விலும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு சுமார் 21 சதவிகிதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் சராசரியாக 1,013 ஹெக்டோபாஸ்கல் இருக்கும் அழுத்தம், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் சுமார் 770, ஏறத்தாழ 3,500 மீட்டர் உயர லே-வில் சுமார் 660 என இறங்கிவிடும். பிரியாணியில் பீஸும் அரிசியும் அதே விகிதம்தான்; லே-வில் கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு பிளேட். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜன் அந்த அளவுக்குக் குறையும்.

88 என்றால் ஆபத்தா?

ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவிகிதம் ஆக்ஸிஜனைச் சுமக்கிறது என்பதைத்தான் ஆக்ஸிமீட்டர் காட்டுகிறது. சமவெளியில் 95-க்கு மேல் இருப்பது நார்மல். லே-வுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு, ஆரோக்கியமாக இருந்தாலும், 80-களின் பிற்பகுதியில் காட்டுவது சகஜம். குளிரில் விறைத்த விரலும் நெயில் பாலிஷும் ரீடிங்கைக் கெடுக்கும். கையைச் சூடுபண்ணி, ஒரு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து மறுபடி பாருங்க.

நம்பரைவிட உடம்பு சொல்வதுதான் முக்கியம். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல் இருந்தால் மேலே ஏறாதீங்க. தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் என்றால், மீட்டர் எவ்வளவு நல்ல நம்பர் காட்டினாலும் உடனே கீழே இறங்கி டாக்டரைப் பார்க்கணும். விமானத்தில் லே போகிறவர்கள் முதல் 2 நாள் ஓய்வெடுங்க. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம்.

கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர்

அறைக் காற்றைச் சோதிக்கும் கருவிகள் பலவும் அகச்சிவப்புக் கதிரை வைத்து வேலை செய்பவை. கதிரின் பாதையில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கு என்பதுதான் அதற்குத் தெரியும். ஊட்டியில் காற்றே கால்பங்கு லேசு என்பதால், சமவெளிக்கு செட் பண்ணிய கருவி 1,000 பிபிஎம் இருக்கும் மூடிய அறையில் 760 என்று காட்டலாம். காற்றோட்டம் நல்லா இருக்கு என்று நாமும் ஏமாந்துபோவோம். பல கருவிகளின் செட்டிங்ஸில் உயரத்தைப் பதியும் வசதி இருக்கும். அதை மாத்திட்டுப் பயன்படுத்துங்க.

உங்க போனும் இதே கேஸ்தான்

ஊட்டியில் நின்று வெதர் ஆப்பைத் திறந்தால் அழுத்தம் 1,012 என்று காட்டும். போனிலேயே பாரோமீட்டர் சென்சார் இருந்தால் அது 770 என்று சொல்லும். ரெண்டுமே சரிதான்! ஊருக்கு ஊர் ஒப்பிட வசதியாக, வானிலைக் கணக்கில் அழுத்தத்தைக் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்வது வழக்கம். சென்சாரோ உங்களைச் சுற்றியுள்ள காற்றை அப்படியே அளக்கிறது.

கிச்சனிலும் இதே கதைதான். ஊட்டியில் தண்ணீர் 92-93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 100 வரலையே என்று தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சாதம் வேக நேரமாவதும் இதனால்தான். குக்கர் அழுத்தத்தைக் கூட்டி அதைச் சரிக்கட்டும்.

இனி மலையில் எந்த மீட்டரைப் பார்த்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க: இது காட்டுவது பங்கா, அழுத்தமா? இது எந்த உயரத்துக்கு செட் பண்ணியது? பதில் தெரிஞ்ச பிறகு அந்த நம்பரை நம்பலாம்.