கழிவெனக் கிடந்த கவிதை

கவிஞனின் ஆற்றல் ஒன்றே அவன் கவிதையைக் காலங்கடந்து வாழவைக்கும் என்பது கவியுலகின் இனிய நம்பிக்கை. வரலாறோ சற்று வேறுவிதமாகப் பேசுகிறது. எழுதிய ஏட்டை எறியாமல் வைத்த ஒரு கையும், பின்னாளில் அதனைப் பிரித்துப் படித்த மற்றொரு கையும் இல்லையேல், எத்துணை உயர்ந்த பாடலும் மண்ணோடு மண்ணாகும். இவ்வுண்மைக்குச் சான்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்பட்டுவரும் கெய்ரோ கெனிசாச் சுவடித் தொகுதி.

இறைவனின் திருப்பெயர் பொறித்த ஏட்டை அழித்தல் ஆகாது என்பது யூதர் வழக்கம். பழுதுற்ற ஏடுகளை ஓரிடத்தில் சேர்த்துவைத்துப் பின்னர் முறைப்படி புதைப்பர். அவ்வாறு சேர்த்துவைக்கும் இடத்திற்குக் கெனிசா என்று பெயர். பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்திலோ, ஏடுகள் பெரும்பாலும் புதைக்கப்படாமல் நூற்றாண்டுக் கணக்கில் ஓர் அறையிலேயே குவிந்தன. மறைநூல் ஏடுகள் மட்டுமல்ல. வணிகர் கணக்கு, மண ஒப்பந்தம், வழக்குமன்றப் பதிவு, சிறுவர் எழுதிப் பழகிய தாள், பாடல்கள் எனப் பலவும் அங்கே அடைக்கலம் புகுந்தன. கடிதங்களும் கணக்குகளும் பெரும்பாலும் அரபு மொழியில், எபிரேய எழுத்தில் அமைந்தவை. எகிப்தின் வறண்ட காற்று அவற்றைக் காத்தது.

1896ஆம் ஆண்டு ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரியர் கீழை நாட்டுப் பயணத்தில் விலைக்கு வாங்கிவந்த சில ஏடுகளைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்டினர். அவற்றுள் ஒன்று, மொழிபெயர்ப்புகளின் வழியாகவே உலகம் பெரிதும் அறிந்திருந்த பென் சிரா நூலின் எபிரேய ஏடு என்று கண்டு அவர் வியப்பில் ஆழ்ந்தார். அவ்வாண்டின் இறுதியில், சார்லஸ் டெய்லரின் பொருளுதவியோடு கெய்ரோ சென்றார். தொழுகைக்கூடத்தாரின் இசைவு பெற்று, புழுதி நிறைந்த அவ்வறையில் பல நாள் உழைத்து ஏடுகளைத் திரட்டினார். 1898இல் பல்கலைக்கழகத்திற்கு வழங்கப்பட்ட அத்தொகுதியில் ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் உள்ளன.

ஆயின், கொண்டுவந்தவை அனைத்தும் உடனே படிக்கப்படவில்லை. பயனுள்ளவை என்று கருதப்பட்டவை பிரித்தெடுக்கப்பட்டன. எஞ்சியவை மதிப்பற்றவை எனப் பெட்டிகளில் ஒதுக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவற்றை எவரும் நாடவில்லை. 1950களில் கொய்டைன் என்னும் வரலாற்றறிஞரின் கண்ணில் அப்பெட்டிகள் பட்டபோதுதான் அவற்றின் அருமை தெரிந்தது. அவற்றிலிருந்த துண்டுகள் ‘புதிய வரிசை’ என்ற பெயரில் முறைப்படுத்தப்பட்டன. 1974இல் கெனிசாவுக்கெனத் தனி ஆய்வுப் பிரிவும் அமைந்தது.

கெனிசாக் கடிதங்களைக் கொண்டு, இடைக்கால மத்தியதரைக் கடற்கரை மக்களின் வாழ்வைக் கொய்டைன் ஐந்து பெருந்தொகுதிகளாக எழுதினார். ஸ்பெயின் நாட்டுப் பெருங்கவி யூதா ஹலேவி தம் கைப்பட எழுதிய கடிதங்களையும் அவரே கண்டறிந்தார். 1140இல் எகிப்து வந்திறங்கிய அக்கவிஞரின் இறுதிப் பயணம், அதுவரை பெரிதும் கதைகளாலேயே அறியப்பட்டிருந்தது. அதற்கு நாளும் இடமும் தந்தவை இக்கடிதங்களே. அவற்றைப் பேணி வைத்திருந்தவர் கவிஞரின் நண்பர் ஹல்ஃபோன். இந்தியக் கடல் வாணிகத்தில் ஈடுபட்டவர். வணிகரின் கடிதக் கட்டு ஒரு கவிஞரின் வரலாற்றைக் காத்தது.

இவையனைத்திலும் நெஞ்சைத் தொடுவது ஒரு சிறு பாடல். பத்தாம் நூற்றாண்டினரான துனாஷ் பென் லப்ராத், அரபு யாப்பை எபிரேயக் கவிதைக்குள் கொண்டுவந்த முன்னோடி. அவர் இல்லத்தைப் பிரிந்து செல்லும் வேளையில், கையில் குழந்தையோடு நிற்கும் மனைவியும் கணவனும் அணிகலன்களை நினைவுப் பொருளாக மாற்றிக்கொள்வதை அப்பாடல் சொல்கிறது. முதலில் வெளிவந்தபோது அது துனாஷின் பாடலாகவே கருதப்பட்டது. 1984இல் எஸ்ரா ஃப்ளைஷர் என்னும் அறிஞர் உண்மையை வெளியிட்டார். சிதைந்த ஏடொன்றின் தலைப்பு, இப்பாடலைத் துனாஷுக்கு எழுதியவர் அவர் மனைவி என்று தெளிவாகக் கூறியது. இடைக்கால எபிரேயக் கவிதையில் பெண் குரலுக்குக் கிடைத்துள்ள மிக அரிய சான்று இது. அப்பாடலைத் தாங்கிய துண்டுகளுள் ஒன்று கேம்பிரிட்ஜின் புதிய வரிசையில் உள்ளது.

அவ்வம்மையாரின் பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை. கணவரின் பெயரோடு சேர்த்தே வரலாறு அவரை அழைக்கிறது. ஆயினும், எவரோ ஒருவர் படியெடுக்கும்போது தலைப்பில் எழுதிவைத்த சில சொற்கள் இல்லையெனில், அவ்வடையாளமும் இருந்திராது. அவர் பாடல் என்றென்றும் பிறருடையதாகவே நின்றிருக்கும்.

எது கழிவு, எது கருவூலம் என்று தீர்ப்பளிக்கும் தகுதி எந்தத் தலைமுறைக்கும் முழுமையாக வாய்ப்பதில்லை. பேரறிஞர்களே ஒதுக்கிய பெட்டிகளில்தான் புதிய வரிசை கிடந்தது. ஆகவே கவிதை வளர்க்கும் மன்றங்களுக்கு ஒரு கடமை உண்டு. மேடையில் படித்த பாடலின் கையெழுத்துப் படியை மட்டுமன்று, பாடியவர் பெயரையும், நாளையும், கூட்ட அழைப்பிதழையும் காத்துவைத்தல் வேண்டும். பாடலை எழுதுவது கவிஞர் பணி. அதன் தலைப்பில் அவர் பெயரை எழுதிவைப்பது உடனிருப்போர் பணி.