பவழக்காரத் தெருவும் சில கல்லறைகளும்

சென்னை மண்ணடியில் பவழக்காரத் தெரு என்றொரு தெரு உண்டு. நகரத்தார் விடுதியால் அறியப்படும் இத்தெருவில் அந்தப் பெயருக்கு உரியவர்கள் யாரும் இன்று இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதராசப்பட்டினத்தில் பவழம் விற்று வைரம் வாங்கிய யூத வணிகர்களின் நினைவாகவே அப்பெயர் அமைந்தது என்பர் நகர வரலாற்றாசிரியர்கள்.

பவழம் தமிழருக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களுள் கீழைக் கடலின் துகிரையும் பட்டினப்பாலை சேர்க்கிறது. மதராசுக்கு வந்த பவழமோ மேற்கிலிருந்து வந்தது. மத்தியதரைக் கடலில் எடுத்த செம்பவழம் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் திரண்டு, லண்டன் வழியாகக் கப்பலேறியது. திரும்பும் கப்பல்களில் கோல்கொண்டா வைரங்கள் சென்றன. இவ்வாணிபத்தின் இரு முனைகளிலும் இருந்தவர்கள் 1492இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டும், 1497இல் போர்த்துகலில் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாகியும் ஆம்ஸ்டர்டாம், லிவோர்னோ, லண்டன் எனச் சிதறிய யூதக் குடும்பத்தினர். விரட்டப்பட்டதால் பல துறைமுகங்களிலும் அவர்களுக்கு உறவினர் இருந்தனர். அந்த உறவே வணிகத்துக்கு முதலாயிற்று.

அவர்களுள் முதன்மையானவர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஜாக் டி பைவா. கோல்கொண்டா சுரங்கங்களுக்குச் சென்று திரும்பிய பின் 1687இல் இங்கேயே இறந்தார். அவருடைய மனைவி ஹிரோனிமா பின்னர் ஆளுநர் எலிஹு யேலுடன் வாழ்ந்தது ஊரில் பெரும் வம்பாயிற்று. வரலாற்று நூல்கள் பலவும் அந்த அம்மையாரை அந்த வம்பின் பொருட்டே நினைவுகூர்கின்றன. யேலின் பெயர் 1718இல் ஓர் அமெரிக்கக் கல்லூரிக்குச் சூட்டப்பட்டு நிலைத்துவிட்டது. மற்றொருவர் ஐசக் அபெந்தானா, வைர மதிப்பீட்டில் வல்லவர். ஆளுநர் தாமஸ் பிட்டுக்கு நெருக்கமானவர். 1709இல் மதராசில் இறந்தார். 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் 12 ஆல்டர்மேன்களுள் யூத வணிகர்களும் இடம்பெற்றனர். ஐரோப்பாவின் பல நகரங்கள் யூதர்க்குக் குடியுரிமையே மறுத்த காலம் அது. கும்பினி தாராள மனத்தால் இதைச் செய்யவில்லை. வைரம் வேண்டியிருந்தது, வைரம் அறிந்தவர் வேண்டியிருந்தனர்.

வணிகத்தால் கிடைத்த இடம் வணிகத்தோடு போயிற்று. 1720களில் பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. கோல்கொண்டாவின் தனியுரிமை சரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் முன்பே மதராசின் யூதக் குடியிருப்பு மெலிந்து போயிற்று. கொச்சி யூதர்களைப்போல் இவர்கள் இந்த மண்ணின் மொழியைத் தம் மொழியாக்கிக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாக வேரூன்றவும் இல்லை.

இதே காலத்தில் வேறொரு துறைமுக நகரைப் பார்ப்போம். தரங்கம்பாடியை ஆண்ட டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1684இல்தான் யூதர்க்கு வழிபாட்டு அனுமதி கிடைத்தது. 1690களில் தொடங்கிய அவர்களுடைய இடுகாடு இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. 1833இல் பெரிய தொழுகைக்கூடம் எழுந்தது. 1943இல் நாஜிகள் கைது செய்யத் துணிந்தபோது, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை டேனிஷ் மக்கள் படகேற்றி ஸ்வீடனுக்கு அனுப்பிக் காத்தனர். 2004இல் டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அங்கே நினைவைக் காக்க ஒரு சமூகம் எஞ்சியிருந்தது.

இங்கே அப்படி எவரும் எஞ்சவில்லை. பெத்தநாயக்கன்பேட்டையில் மின்ட் தெருவருகே இருந்த யூத இடுகாடு நகர வளர்ச்சியில் மறைந்தது. அதன் கற்களில் சில பெயர்த்தெடுக்கப்பட்டு, இன்று அவ்வை சண்முகம் சாலை எனப்படும் பழைய லாயிட்ஸ் சாலையில் இருக்கின்றன. கல்வெட்டியலில் பழகியவர்களுக்கு இதன் இழப்புப் புரியும். கோயிற்சுவரிலிருந்து பெயர்த்த கல் எழுத்தைச் சொல்லும். தான் நின்ற இடத்தைச் சொல்லாது. கல்லறைக்கல்லும் அவ்வாறே. ஹீப்ரு எழுத்துகள் மிஞ்சியிருக்கின்றன, அவை எவர் உடலுக்கு மேல் நின்றனவோ அந்த மண் வேறிடத்தில் இருக்கிறது.

கல்லை விடப் பெயர் உறுதியாய் நின்றிருப்பது வியப்பு. தெருவின் பெயரை யாரும் சட்டமியற்றிக் காக்கவில்லை. வழி கேட்டவர்களும் வழி சொன்னவர்களும் காத்தார்கள். நம் ஊர்களில் தெருப்பெயர்களை மாற்றும் ஆர்வம் எக்காலத்தும் குறைவதில்லை. ஒரு பெயரை எடுத்துவிட்டால், தமக்கென்று பேச இங்கே ஒருவரையும் விட்டுச்செல்லாதவர்களின் கடைசிச் சான்றும் அதனோடு போய்விடக்கூடும்.