தசையில் தேடினார்கள், தப்பு வேறெங்கோ இருந்தது

கண் வைத்தியத்தின் சரித்திரத்துக்கும் பி.காம். சிலபஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனாலேயே படிக்க ருசியாக இருக்கிறது :-)

1839 அக்டோபர் 26, பெர்லின். ஏழு வயதுப் பையன் ஒருவனுக்குக் கண் மூக்குப் பக்கமாகத் திரும்பியிருந்தது. டீஃபன்பாக் என்ற சர்ஜன், கண்ணை அந்தப் பக்கம் இழுக்கும் தசையை வெட்டிவிட்டார். ஈதர் மயக்க மருந்து பிரபலமானதே 1846-ல்தான். பையன் எப்படித் தாங்கினானோ!

அதற்கு முன்னால் இருந்த வைத்தியம் முகமூடி. ஓட்டை வழியாக நேரே பார்த்தால் கண்ணும் நேராகிவிடும் என்ற நம்பிக்கை. 1583-ல் ஜெர்மனியின் பார்ட்டிஷ் எழுதிய புத்தகத்தில் அதற்குப் படமே இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் கத்தி பெரிய முன்னேற்றம்தான். ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஆனால் வெட்டப்பட்ட பல கண்கள் பிறகு வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டன.

இங்கேதான் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து டோண்டர்ஸ் வருகிறார். 1864-ல் வந்த அவருடைய புத்தகம் சொன்னது இதுதான்: உள்பக்கம் திரும்பும் கண்கள் பலவற்றுக்கும் காரணம் தசை இல்லை, தூரப்பார்வை.

எப்படி? தூரப்பார்வை உள்ள கண்ணில் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழப் பார்க்கும். அதை முன்னுக்குக் கொண்டுவரக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் ஓவர்டைம் பார்க்க வேண்டும். லென்ஸ் உழைக்கும்போதெல்லாம் இரண்டு கண்ணும் உள்பக்கம் குவிவது இயற்கை. உழைப்பு அதிகமானால் குவிவதும் அதிகம், ஒரு கண் திரும்பிவிடுகிறது. பிளஸ் பவர் கண்ணாடி அந்த உழைப்பை ஏற்றுக்கொண்டால் கண் தானாக நேராகும்! (கணக்கு டேலி ஆகாததற்குக் கால்குலேட்டரை உடைத்த மாதிரிதான் அதுவரை நடந்திருக்கிறது.)

எல்லா மாறுகண்ணும் கண்ணாடிக்கு அடங்காது. சிலவற்றுக்கு இன்றும் ஆபரேஷன்தான். ஆனால் எதுவானாலும் தள்ளிப்போடக் கூடாது. திரும்பிய கண் அனுப்பும் படத்தைக் குழந்தையின் மூளை ஒதுக்க ஆரம்பித்தால் அந்தக் கண்ணின் பார்வையே மங்கிப்போகும். அதற்கு நல்ல கண்ணை மூடிவைக்கும் வைத்தியத்தை பிரான்ஸின் புஃபோன் 1743-லேயே எழுதிவிட்டார்.

இப்போதும் டாக்டர்கள் முதலில் சொட்டு மருந்து விட்டு லென்ஸை ஓய்வில் வைத்து, மறைந்திருக்கும் பவரையும் அளக்கிறார்கள். பிறகு முழுநேரக் கண்ணாடி. கழற்றியதும் கண் மறுபடி திரும்பினால் "கண்ணாடி வேலை செய்யவில்லை" என்று பெற்றோர் பதறுவதுண்டு. உண்மையில் லென்ஸ் மறுபடி ஓவர்டைமுக்குப் போய்விட்டது, டோண்டர்ஸ் சொன்ன மாதிரியே.