கட்சியில்லாத் தீவில் ஆட்சியின் முன்னுரிமைகள்: நவூருவும் ஹாமர் டிரோபர்ட்டும்

முன்னுரை

மக்களாட்சி நாடுகளின் அரசியல் வரலாறு பெரும்பாலும் கட்சிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஓர் அரசு எதை முதலில் செய்யும், எதைப் பின்னர்ச் செய்யும் என்பதைக் கட்சியின் தேர்தல் அறிக்கை அறிவிக்கிறது. அறிவித்ததைச் செய்யாதபோது எதிர்க்கட்சி அதனைச் சுட்டிக்காட்டுகிறது. இந்தியச் சூழலில் 'சுயேச்சை வேட்பாளர்' என்னும் சொல், இந்த அமைப்புக்கு வெளியே தனித்து நிற்பவரைக் குறிக்கும். எனினும், வலுவான கட்சிகளே உருவாகாத நாடுகளும் உலகில் உள்ளன. அங்கு ஏறத்தாழ எல்லா வேட்பாளர்களும் சுயேச்சைகளே. ஆட்சித் தலைவரும் ஒரு சுயேச்சையே. அத்தகைய நாட்டில் ஆட்சியின் முன்னுரிமைகள் எவ்வாறு உருவாகின்றன, அவற்றை முன்வைத்தவர் பதவி நீங்கிய பின் அவை என்ன ஆகின்றன என்னும் வினாக்கள் ஆராயத்தக்கன. பசிபிக் பெருங்கடலில் உள்ள நவூருவையும், அதன் முதல் குடியரசுத் தலைவர் ஹாமர் டிரோபர்ட்டையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவற்றை ஆராய்கிறது.

திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் அரசின் வல்லமையை நான்கு செயல்களில் வைத்துக் காட்டுகிறது. பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்த பொருளைச் சேர்த்தல், சேர்த்ததைப் பாதுகாத்தல், பாதுகாத்ததைத் தக்கவாறு பங்கிடுதல் என்பன அவை. ஒரே ஒரு கனிமத்தை நம்பி வாழ்ந்த தீவின் ஆட்சியை மதிப்பிட இந்நான்கும் பொருத்தமான அளவுகோலாக அமைகின்றன.

தீவும் கனிமமும்

நவூருவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே சிறிது தொலைவில் அமைந்துள்ள இத்தீவிற்கு மிக அண்மையில் உள்ள பனாபா தீவே கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1888இல் ஜெர்மனி இதனைத் தன் ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கு உயர்தரப் பாஸ்பேட் படிவுகள் இருப்பது கண்டறியப்பட்டு அகழ்வு தொடங்கியது. உரத் தயாரிப்புக்கு இன்றியமையாத இக்கனிமமே தீவின் தலைவிதியைத் தீர்மானித்தது எனலாம்.

முதல் உலகப் போரின்போது, 1914இல், ஆஸ்திரேலியப் படைகள் நவூருவைக் கைப்பற்றின. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் 1919இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பாஸ்பேட் தொழில் பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையர்களின் கைக்குச் சென்றது. தீவு முதலில் சர்வதேசச் சங்கத்தின் ஆணைப் பகுதியாகவும், 1947 முதல் ஐக்கிய நாடுகள் அவையின் அறங்காவல் பகுதியாகவும் இருந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து உழவர்கள் உலகச் சந்தை விலையினும் குறைந்த விலைக்கு உரம் பெற்றனர். நில உடைமையாளரான நவூரு மக்களுக்குக் கிடைத்த உரிமைத்தொகை மிகச் சிறிதாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஆகஸ்டில், ஜப்பான் இத்தீவைக் கைப்பற்றியது. மறு ஆண்டில் சுமார் 1,200 நவூரு மக்கள் ட்ரக் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் உயிர் பிழைத்த 737 பேர் 1946 ஜனவரி 31ஆம் நாள் தாயகம் திரும்பினர். ஆஸ்திரேலியாவின் கீலாங் நகரில் கல்வி கற்று ஆசிரியராகப் பணியாற்றிய டிரோபர்ட்டும் ட்ரக்கிற்குக் கடத்தப்பட்டவர்களுள் ஒருவர். பின்னாளில் அவர் முன்வைத்த முன்னுரிமைகளை இப்பின்னணியிலிருந்து பிரித்துக் காண இயலாது.

அறிக்கையில்லாத அரசியல்

1951இல் நவூரு உள்ளாட்சி மன்றம் அமைக்கப்பட்டது. 1955இல் அதன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டிரோபர்ட், 1956இல் அதன் முதன்மைத் தலைவர் ஆனார். விடுதலைக்குப்பின் நாடாளுமன்றம் 18 உறுப்பினர்களையும் எட்டுத் தொகுதிகளையும் கொண்டதாக அமைந்தது. குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களே தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவரே நாட்டின் தலைவரும் அரசின் தலைவரும் ஆவார்.

1971இல் நடைமுறைக்கு வந்த டவுடால் முறைப்படி, வாக்காளர் தம் தொகுதியில் நிற்கும் வேட்பாளர்கள் அனைவரையும் வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்திற்கு ஒன்று, இரண்டாமிடத்திற்கு அரை, மூன்றாமிடத்திற்கு மூன்றில் ஒன்று என மதிப்பு குறைந்துகொண்டே செல்லும். வாக்காளர் தொகை சில நூறு என்னும் அளவிலேயே அமைந்த தொகுதிகளில், உறவும் குடிவழியும் நேரடி அறிமுகமுமே தேர்வைப் பெரிதும் தீர்மானித்தன. நாடு முழுமைக்குமான தேர்தல் அறிக்கைக்கு இவ்வமைப்பில் இடமில்லை. 1970களிலும் 1980களிலும் சில குழுக்கள் கட்சி என்னும் பெயரில் தோன்றினும், அவை தளர்வான கூட்டுகளாகவே இருந்தன.

ஆகவே, டிரோபர்ட்டின் முன்னுரிமைகளை ஓர் அறிக்கையிலிருந்து எடுத்துரைக்க இயலாது. அவர் ஏற்ற ஒப்பந்தங்கள், மறுத்த திட்டங்கள், அரசமைப்பில் இடம்பெற்ற விதிகள் ஆகியவற்றிலிருந்தே அவற்றைத் திரட்ட வேண்டியுள்ளது. அவ்வாறு திரட்டும்போது நான்கு முன்னுரிமைகள் தெளிவாகப் புலப்படுகின்றன.

முதலாவது: மக்களினமாக நிலைத்தல்

பாஸ்பேட் தீர்ந்தபின் தீவு வாழத் தகுதியற்றதாகிவிடும் என்னும் கருத்து 1960களின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. குவீன்ஸ்லாந்துக் கரையை அடுத்த கர்ட்டிஸ் தீவில் நவூரு மக்களைக் குடியேற்ற ஆஸ்திரேலியா முன்வந்தது. நிலமும் வீடும் ஆஸ்திரேலியக் குடியுரிமையும் கிடைக்கும். ஆனால் தனித்த அரசுரிமை கிடைக்காது. 1964இல் இத்திட்டத்தை நவூரு தரப்பு மறுத்தது.

பொருளியல் நோக்கில் மட்டும் காண்போருக்கு இம்மறுப்பு வியப்பளிக்கலாம். ஆனால் ஓர் இனம் நிலைத்திருக்கக் குறைந்தது 1,500 பேர் வேண்டும் என்று கருதி, அந்த எண்ணை 1932இல் எட்டியதை இன்றும் அங்காம் நாளாகக் கொண்டாடும் மக்கள் இவர்கள். போரில் அத்தொகையை இழந்து மீண்டும் அதனை எட்டியவர்கள். பிறிதொரு நாட்டின் சிறுபான்மைக் குடிகளாகக் கரைவதைவிடப் பாழ்பட்ட சொந்த நிலத்தில் வாழ்வதே மேல் என அவர்கள் முடிவு செய்ததைப் புரிந்துகொள்ள இவ்வரலாறு துணைசெய்கிறது.

இரண்டாவது: முழு இறைமை

1967இல் நடைபெற்ற பேச்சுவார்த்தைகளில், பாதுகாப்பும் அயலுறவும் ஆஸ்திரேலியாவிடம் இருக்கலாம் என்னும் ஏற்பாடு முன்வைக்கப்பட்டது. டிரோபர்ட் தலைமையிலான குழு அதனை ஏற்கவில்லை. 1968 ஜனவரி 31 அன்று நவூரு முழு விடுதலை பெற்றது. ட்ரக்கிலிருந்து மக்கள் திரும்பிய அதே நாள் தேர்ந்தெடுக்கப்பட்டதன் பொருள் வெளிப்படையானது. அவ்வாண்டு மே மாதம் டிரோபர்ட் முதல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மூன்றாவது: கனிமத்தின் உடைமை

1967 நவம்பரில் கையெழுத்தான பாஸ்பேட் தொழில் உடன்பாட்டின்படி, ஆணையர்களின் தீவுச் சொத்துகள் சுமார் 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு நவூருவிற்கு விற்கப்பட்டன. தம் மண்ணை அகழ்ந்தெடுத்த பொறிகளைத் தாமே விலைகொடுத்து வாங்க வேண்டிய நிலை அது. எனினும் டிரோபர்ட் அதனை ஏற்றார். உடன்பாட்டின்படி பாஸ்பேட் விலை டன்னுக்கு 11 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. 1970 ஜூலையில் தொழில் முழுமையாக நவூருவின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. 1970களின் இடையில் உலகச் சந்தையில் பாஸ்பேட் விலை உயர்ந்தபோது, மக்கள்தொகை பத்தாயிரத்தையும் எட்டாத இந்நாடு தலைக்குரிய வருவாயில் உலகின் முன்வரிசை நாடுகளுள் ஒன்றாயிற்று. ஆக்குதல், சேர்த்தல் என்னும் இரண்டிலும் டிரோபர்ட் பெற்ற வெற்றி ஐயத்திற்கு இடமற்றது.

நான்காவது: அகழ்ந்த நிலத்திற்கு ஈடு

தீவின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு பாஸ்பேட் நிறைந்த மேட்டுநிலம். அகழ்வுக்குப்பின் அங்கு எஞ்சுவன கூர்மையான பவளப்பாறைத் தூண்களே. உழவோ குடியிருப்போ அங்கு இயலாது. விடுதலைக்கு முன் அகழப்பட்ட மூன்றில் ஒரு பங்கு நிலத்தைச் சீரமைப்பது முன்னாள் ஆட்சியாளர்களான மூன்று அரசுகளின் பொறுப்பு என்று விடுதலை நாளிலேயே டிரோபர்ட் அறிவித்தார். 1967 ஜூலை 1க்கு முன் அகழப்பட்ட நிலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு நவூரு அரசுக்கு இல்லை என்று அரசமைப்பின் 83ஆவது பிரிவும் கூறுகிறது.

1986இல் இதற்கென ஒரு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. இலங்கையைச் சேர்ந்த சட்ட அறிஞர் கிறிஸ்டோபர் வீரமந்திரி அதன் தலைவர். ஆணையத்தின் அறிக்கை 1988இல் அளிக்கப்பட்டது. 1989 மே மாதம் ஆஸ்திரேலியாவிற்கு எதிராகப் பன்னாட்டு நீதிமன்றத்தில் நவூரு வழக்குத் தொடர்ந்தது. நவூரு தன் கோரிக்கையை முன்னரே கைவிட்டுவிட்டது, காலம் கடந்து வழக்குத் தொடுத்துள்ளது என்பன போன்ற ஆஸ்திரேலியாவின் தடைவாதங்களை 1992 ஜூன் 26 அன்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கோரிக்கை தொடக்கம் முதலே எழுப்பப்பட்டு வந்தது என்பதற்கு, டிரோபர்ட் விடுதலை நாளில் கூறியதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. ஆணையர்களின் வெளிநாட்டுச் சொத்துகளில் பங்கு கோரிய ஒரு கூறு மட்டும் ஏற்கப்படவில்லை. மூன்று வாரங்களுக்குள், 1992 ஜூலையில், டிரோபர்ட் மறைந்தார். 1993 ஆகஸ்டில் ஏற்பட்ட இணக்கத்தின்படி 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் வழங்க ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது. பிரிட்டனும் நியூசிலாந்தும் தலா 1.2 கோடி டாலர் அளித்தன.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. வழக்கு தொடரப்பட்ட சில மாதங்களிலேயே, 1989 ஆகஸ்டில், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் டிரோபர்ட் பதவி இழந்திருந்தார். வழக்கை முடித்து இணக்கம் கண்டவர் அவருடைய நெடுநாள் அரசியல் போட்டியாளரான பெர்னார்ட் டோவியோகோ. தலைவர் மாறியபோதும் இம்முன்னுரிமை மாறவில்லை.

காத்தலும் வகுத்தலும்

பாஸ்பேட் வருவாயின் ஒரு பகுதி, கனிமம் தீர்ந்தபின் வரும் தலைமுறைகளுக்கென அறக்கட்டளை நிதிகளில் சேர்க்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் இந்நிதிகள் 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேற்பட்டனவாக மதிப்பிடப்பட்டன. வெளிநாடுகளில் சொத்துகள் வாங்கப்பட்டன. 1977இல் மெல்போர்னில் 52 மாடிகள் கொண்ட நவூரு மாளிகை எழுந்தது. பல போயிங் விமானங்களைக் கொண்ட விமான நிறுவனத்தையும் இச்சிறு நாடு நடத்தியது. அதன் இழப்புகளை அரசே ஏற்றது. மக்களிடமிருந்து வருமான வரி பெறப்படவில்லை. 2014இல்தான் ஊதியத்தின் மீது வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்தாத குடிகளுக்கு அரசின் செலவைக் கணக்குக் கேட்கும் தூண்டுதலும் குறைவாகவே இருந்தது எனலாம்.

கணக்குக் கேட்கும் அமைப்பும் வலுப்பெறவில்லை. குடியரசுத் தலைவரான பின்னும் உள்ளாட்சி மன்றத்தின் முதன்மைத் தலைவர் பொறுப்பில் டிரோபர்ட் தொடர்ந்தார். 18 பேர் கொண்ட அவையில் ஓரிருவர் பக்கம் மாறினாலே ஆட்சி கவிழும். 1976இல் டோவியோகோவிடம் பதவி இழந்த டிரோபர்ட் 1978இல் மீண்டும் பதவி பெற்றார். இடையில் லகுமோட் ஹாரிஸ் சில வாரங்களே தலைவராக இருந்தார். 1986இல் கென்னன் அடியாங் இருமுறை தலைவரானபோதும் இரண்டுமுறையும் சில நாள்களே நீடித்தார். இம்மாற்றங்கள் ஆளை மாற்றினவேயன்றி, நிதியைத் தொடர்ந்து கண்காணிக்கும் நிலையான எதிரணியை உருவாக்கவில்லை.

1990களில் பாஸ்பேட் வருவாய் குறைந்தது; தவறான முதலீடுகளும் கடனும் பெருகின. 2004இல் நவூரு மாளிகை உள்ளிட்ட சொத்துகள் கடனுக்காகக் கைவிட்டுப் போயின. 2001இல் ஆஸ்திரேலியா அனுப்பிய புகலிடம் கோருவோரை நிதியுதவிக்கு ஈடாகத் தன் மண்ணில் தங்கவைக்க நவூரு இசைந்தது. 1964இல் ஆஸ்திரேலியாவின் குடிகளாக மாற மறுத்த நாடு, ஒரு தலைமுறைக்குப்பின் அதன் உதவியைச் சார்ந்து நிற்க நேர்ந்தது.

முடிவுரை

டிரோபர்ட்டின் முன்னுரிமைகளுள் நிலைத்தவை எவை, தேய்ந்தவை எவை என ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. இறைமை, உடைமை, நிலத்திற்கான ஈடு ஆகியன உடன்பாடாகவும் அரசமைப்பு விதியாகவும் எழுத்து வடிவம் பெற்றன. பிறர்முன் எடுத்துக்காட்டி நிலைநாட்டக் கூடியனவாக இருந்தன. ஆகவே தலைவர் மாறியபோதும் அவர் மறைந்தபோதும் அவை நீடித்தன. சேர்த்த பொருளைக் காத்தலும் வகுத்தலுமோ ஆண்டுதோறும் கண்காணிக்க வேண்டிய வேலைகள். ஒருமுறை வென்று முடிக்கக் கூடியனவல்ல. அவை பதவியிலிருந்தோரின் பொறுப்புணர்வை நம்பி விடப்பட்டன. அங்கேயே சரிவு நேர்ந்தது.

சரிவு முழுவதையும் கட்சியின்மையின் மேல் ஏற்றுவது பொருந்தாது. வலுவான கட்சிகள் உள்ள நாடுகளும் கனிமச் செல்வத்தை இழந்துள்ளன. எனினும், தனிமனிதரின் பெருமதிப்பு அயலாருடன் வாதிட்டு உரிமை பெறப் பயன்பட்ட அளவிற்கு, சொந்த அரசின் செலவைக் கட்டுப்படுத்தப் பயன்படவில்லை என்பதை நவூருவின் வரலாறு காட்டுகிறது. நிதி வழங்கும் வெளியாரும் நிர்வாகத்தில் இடம்பெறும் வகையில், 2015இல் தலைமுறைகளுக்கான புதிய அறக்கட்டளை நிதியை நவூரு அமைத்தது. பிறர் கண்காணிப்பை ஏற்றுக்கொண்டு பொருளைக் காக்கும் இவ்வேற்பாடு, முந்தைய இழப்பிலிருந்து பெற்ற பாடம் எனக் கொள்ளத்தக்கது. சிறு நாடொன்றின் ஆட்சிப் பொறுப்பை விரும்பும் சுயேச்சை வேட்பாளர், தாம் எதைச் செய்வார் என்பதோடு, தமக்குப்பின் அதனை யார் காப்பார் என்பதையும் கூற வேண்டியவராகிறார்.