நூலகர்: காப்பவரும் காட்டுபவரும்



சில மாதங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு திருமண வீட்டில் என் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் கேட்டார்: "ஐயா, எல்லாமே கைத்தொலைபேசியில் வந்துவிடுகிறது. இனி நூலகம் எதற்கு? அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நூலகர்தான் எதற்கு?" கேள்வி நியாயமானது. பாயசம் வருவதற்குள் பதில் சொல்லி முடிக்கக் கூடியதல்ல. அன்று சொல்லாமல் விட்டதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

நான் பிறந்தது கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையில் எங்கள் படிப்பகம் இருந்தது. இரண்டு பலகை அலமாரிகள், ஒரு நீள மேசை, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு; அவ்வளவுதான். பால் மரம் வெட்டிவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டு, மாலையில் என் பெரியப்பா அதைத் திறப்பார். அவருக்குச் சம்பளம் கிடையாது. நூலகர் என்ற பெயரும் கிடையாது. 'பொறுப்பாளர்' என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி அமர, பத்திரிகையை உரக்க வாசிப்பார். யாராவது ஒரு புத்தகம் எடுத்துப் போனால், நீளமான ஒரு நோட்டில் நூலின் பெயர், எடுத்தவர் பெயர், தேதி மூன்றையும் எழுதிக்கொள்வார். "செக்ரோலில் பெயர் விட்டுப்போனால் ஒரு நாள் கூலி போச்சு, இந்த நோட்டில் பெயர் விட்டுப்போனால் ஒரு புத்தகம் போச்சு" என்று அடிக்கடி சொல்வார். அந்த நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நூலகர் என்ற தொழிலுக்கு நம்மவரிடையே மதிப்புத் தேடித் தந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அவர் கணித ஆசிரியர். 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பொறுப்பேற்றார். சில நாள்களிலேயே சலித்துப் போனது. பேச்சுத்துணை இல்லாத பெரிய கட்டடம், தூசி, வேலையின்மை. கல்லூரிக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டார். இங்கிலாந்து சென்று நூலகங்களைப் பார்த்து வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்றார்கள். லண்டனில் அவர் கண்டது வேறு உலகம். தொழிலாளியும் இல்லத்தரசியும் சிறு பிள்ளையும் உரிமையோடு நூலகத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே ஒரு கடையில் துண்டு துண்டான உலோகப் பட்டைகளைப் பூட்டி விதவிதமான பொம்மைகள் செய்யும் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அறிவையும் இப்படிச் சிறு கூறுகளாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுதான்.

ரங்கநாதனிடம் எனக்குப் பிடித்தது பகுப்பு முறை அல்ல. நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுவதற்கே என்று அவர் பிடிவாதம் பிடித்ததுதான். அவர் ஐந்து விதிகளை வகுத்து நூலாக்கிய அதே 1931இல், மன்னார்குடிப் பக்கம் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிப் போனார்கள். நூலகத்துக்கு வர முடியாதவரிடம் நூலகமே போயிற்று. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

இனி நம் கோலாலம்பூருக்கு வருவோம். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார் தனிநாயகம் அடிகள். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததற்கு அவரே காரணம் என்பது பலருக்குத் தெரியும். அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகத் தெரியாது. புரொயென்சா என்ற பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. அச்சிட்ட ஊரில் தேடினால் கிடைக்காது. ரோம் நகரில் வத்திக்கான் நூலகத்தில் ஒரு பிரதி பத்திரமாக இருந்தது. அடிகள் அதை அப்படியே படியெடுத்து 1966இல் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாத யாரோ சில நூலகர்கள், ஏறக்குறைய முந்நூறு ஆண்டு, அந்த நூலைப் பட்டியலில் எழுதி, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டதன் பலன் நமக்குக் கிடைத்தது. அவர்கள் பெயர் ஒன்றும் நமக்குத் தெரியாது. நூலகர் வேலை பெரும்பாலும் அப்படித்தான்.

அடுத்து 1969. இந்திய ஆய்வியல் துறையைச் சேர்ந்த இராம. சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஒரு பட்டியல் தொகுத்தார். 'தமிழ் மலேசியானா' என்ற பெயரில் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் அதை வெளியிட்டது. பட்டியல்தானே என்று நினைக்க வேண்டாம். நம் முன்னோர் இங்கே கூலிக்கு வந்தார்கள், உழைத்தார்கள், மாண்டார்கள் என்று மட்டும் எழுதினால் வரலாறு பாதிதான். அவர்கள் எழுதினார்கள், அச்சிட்டார்கள், இதழ் நடத்தினார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். நூல் தொலைந்தாலும், பட்டியல் இருந்தால், இன்னதைத் தேட வேண்டும் என்பதாவது தெரியும். பட்டியலும் இல்லாவிட்டால் தொலைந்தது என்ன என்பதுகூடத் தெரியாது.

தொலைவது எளிது. 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நம் ஊரில் யாரும் தீ வைக்கவில்லை. வீடு மாறும்போதே போய்விட்டன. இன்றைய ஷா ஆலம் நகரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். அதுபோல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாக வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயத்தைக் காலி செய்து அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர்கள் சாமி படத்தையும் சட்டி பானையையும் எடுத்துப் போனார்கள். பள்ளி மலரையும் திருவிழா அறிக்கையையும் யார் எடுத்துப் போவார்கள்? எங்கள் படிப்பகத்துப் புத்தகங்கள் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறின. அன்று நான் வேலையாக வெளியூரில் இருந்தேன்; இருந்திருந்தாலும் தடுத்திருப்பேனா என்பது சந்தேகமே. எனக்கும் அப்போது அவற்றின் அருமை தெரியாது.

அருமை தெரிந்தவர் ஒருவர் செட்டிநாட்டில் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூலகப் படிப்புப் படித்தவரல்லர். நூல், இதழ், நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று பிறர் வீசியதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அவற்றை வாங்கிச் சென்னையிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாக்கியது.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். இன்று எல்லாவற்றையும் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிடலாமே?

ஏற்றலாம், ஏற்றியும் வருகிறார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஈழத்து நூல்களுக்கென்று 2005இல் நூலகம் திட்டம் பிறந்தது. சிங்கப்பூரில் 2015இல் ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்களை மின்னியல் வடிவுக்கு மாற்றினார்கள். ஆனால் ஏற்றினால் மட்டும் போதாது. ஏற்றியது கிடைக்க வேண்டும். கணினியில் தமிழ் வந்ததில் நம் நாட்டுக்குப் பெருமை உண்டு. 1985இல் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை இங்கே உருவாக்கினார். என்றாலும் அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துரு வைத்திருந்தார்கள். ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். பின்னால் ஒருங்குறி வந்தது. பழையதை அதற்கு மாற்றாதவர்களுக்கு அன்று எழுதியது இன்று வெறும் கிறுக்கல். முந்நூறு ஆண்டுக் காகிதத்தைப் படிக்க முடிகிறது. முப்பது ஆண்டுக் கணினிக் கோப்பைப் படிக்க முடியவில்லை. காலம் மாறும்போதெல்லாம் கோப்பை மாற்றி வைக்க ஒருவர் வேண்டும்.

தேடுவதிலும் சிக்கல் உண்டு. ஒருவர் கிள்ளான் என்று எழுதுவார், இன்னொருவர் கிளாங் என்பார். ரப்பரைப் பழைய தாள்களில் றப்பர் என்றும் எழுதினார்கள். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பு 'லை', 'ணை', 'றா' போன்றவற்றின் உருவமே வேறு. இயந்திரம் அவற்றைப் பார்த்துத் தடுமாறும். ஒரே பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் செக்ரோலில் ஒரு விதமாகவும் எழுதிய நாடு இது. தோட்டத்துப் பெயரோ, ஆங்கிலத்தில் ஒன்று, நம் மக்கள் வாயில் வேறொன்று. இயந்திரம் கேட்டதைத் தேடும். கேட்டவர் உண்மையில் எதைத் தேடுகிறார் என்று யோசித்து, "இந்தப் பெயரிலும் பாருங்கள்" என்று சொல்பவர் நூலகர். புலனத்தில் வரும் செய்தியைக் காட்டி இது உண்மையா என்று கேட்டால், எந்த நூல், எந்த ஆண்டு என்று விசாரிப்பவரும் அவரே.

ஓர் எடுத்துக்காட்டு. 1950களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதி வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அதில் எழுதிப் பழகினார்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் முரசின் பழைய இதழ்களை மின்னியல் வடிவில் வைத்திருக்கிறது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ பள்ளிப் பருவத்தில் எழுதிய நாலு வரி அதில் இருக்கலாம். தேடுங்கள், தெரியாவிட்டால் உதவி கேளுங்கள். இங்கே 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதன் பழைய இதழ் கட்டுக்கட்டாக யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு நூலகத்தைக் கேட்டுவிடுங்கள்.

பிரிக்பீல்ட்சில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, தொடங்கியது 1951இல். கண் தெரியாதவருக்குப் புத்தகம் வேண்டுமென்றால் யாராவது அதைப் புள்ளி எழுத்திலோ ஒலியிலோ ஆக்கித் தர வேண்டும். என் பெரியப்பா விளக்கு வெளிச்சத்தில் செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான்.

1972இல் சட்டப்படி அமைந்த நம் தேசிய நூலகம் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிறது. நாட்டில் வெளியாகும் நூல்களை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று 1986இல் சட்டம் வந்தது. கோயில் மலரோ, பள்ளி மலரோ, நீங்களே அச்சிட்ட கவிதைத் தொகுப்போ, அங்கே சேர்ந்ததா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. பெரியம்மா அதை மளிகைக் கணக்கு என்று நினைத்து அரிசிப் பானைக்கு மேல் வைத்திருந்ததால் தப்பியது. புத்தகம் ஒன்றுகூட இல்லை; நூலின் பெயரும் எடுத்தவர் பெயரும் மட்டும் வரிசையாக இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் ஏழு நூல்கள் திரும்பி வந்ததற்குக் குறியில்லை. எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் காப்பாரிலும் பந்திங்கிலும் இருக்கிறார்கள். இருவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஒரு வீட்டில், அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடைத்தது. இன்னும் ஐந்து வீடு பாக்கி.