மரச்செப்பும் ஒரு மூடியும்

பேத்தி கல்யாணத்தில் தாம்பூலத்தோடு என்ன கொடுப்பது என்று ராசிங்காபுரம் வீட்டில் பேச்சு வந்தது. "பிளாஸ்டிக் வேண்டாம், மரத்தில் குங்குமச் சிமிழ் நானே கடைகிறேன்" என்றேன். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த காலத்தில், 'லெ தூர்' என்றால் கடைசல் இயந்திரம், 'லா தூர்' என்றால் கோபுரம் என்பது புரியாமல் வாத்தியாரிடம் குட்டு வாங்கியவன் நான்!

என் மனைவி வைத்திருந்தது அம்பாசமுத்திரம் மரச்செப்பு. அங்கே முன்பெல்லாம் மஞ்சள் கடம்பு மரம்தான். மோட்டார் வருமுன் ஒருவர் கயிறு இழுத்துச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடிப்பார். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டில் உருகி நிறம் ஏறும். தாழை ஓலையால் தேய்த்தால் பளபளப்பு. கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் இதே அரக்குக் கடைசல்தான். மரம் மட்டும் வெட்பாலை.

சிமிழ்கள் ஒன்றுபோல் வரத் தகரத்தில் பாதி உருவம் வெட்டி அளவு வைத்தேன். மூடியைப் பிடிக்க ஒரு கட்டையில் குழி கடைந்துகொண்டேன். எல்லாம் சரி, மரம்தான் பச்சை. ஒரே வாரத்தில் இருபது சிமிழும் சுருங்கிக் கோணின. ஒரு மூடியும் பொருந்தவில்லை. பெரியவர்கள் மரத்தை ஏன் மாதக்கணக்கில் உலரப் போட்டார்கள் என்பது அன்றுதான் புரிந்தது.

உலர்ந்த மரம் வாங்கி மறுபடி கடைந்தேன். கல்யாணத்துக்கு நாற்பதுதான் தேறியது.

மனைவி போய் ஆறு வருஷம். அவள் சின்ன வயதில் விளையாடிய செப்பின் மூடி இன்றும் சிக்கென்று உட்காருகிறது.