பொதிச் சேணமும் சாய்சதுரக் கட்டும்: வட அமெரிக்க மலைவழிகளில் ஒரு கயிற்று நுட்பத்தின் வளர்ச்சி

வட அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதிகளில் கோவேறு கழுதைகளின் முதுகில் சுமையை இறுக்கப் பயன்பட்ட கட்டுகளுள் புகழ்பெற்றது ‘டைமண்ட் ஹிட்ச்’ எனப்படும் சாய்சதுரக் கட்டாகும். கட்டி முடித்தபின் பொதியின் உச்சியில் கயிறு சாய்சதுரமாக விரிந்து நிற்பதால் இப்பெயர் அமைந்தது. இதன் வளர்ச்சியைத் தனியொரு முடிச்சின் வரலாறாகப் பார்ப்பதைவிட, அது எந்தச் சேணத்தின் மேல் கட்டப்பட்டது என்பதோடு சேர்த்துப் பார்ப்பதே பொருந்தும். சேணத்தால் இயலாத வேலையைக் கயிறு ஏற்றுக்கொண்ட காலத்தில் இக்கட்டு செழித்தது. அவ்வேலையைச் சேணம் ஏற்றுக்கொண்டபோது இதன் தேவை சுருங்கியது.

ஸ்பானிய ஆட்சிக்கால மெக்சிகோவில் சக்கரம் செல்ல முடியாத வழிகள் மிகுதி. 1546-இல் சகாதேகாஸ் பகுதியில் வெள்ளி கண்டறியப்பட்டபின் சுரங்கங்களுக்கான போக்குவரத்தில் பெரும்பங்கையும், மணிலாவிலிருந்து அகபுல்கோ துறைமுகத்தில் வந்திறங்கிய சரக்கை மெக்சிகோ நகரம் வரை கொண்டுசெல்லும் பணியையும் ‘அர்ரியேரோ’ எனப்பட்ட பொதிகாரர்களே ஏற்றனர். அவர்கள் பயன்படுத்திய ‘அபரேஹோ’ மரச்சட்டம் இல்லாத சேணம்; தோலால் தைத்து, உள்ளே புல் திணித்து, மெல்லிய குச்சிகளால் விறைப்பேற்றிய அகன்ற மெத்தை அது. எடையை முதுகெலும்பின் மேல் அழுத்தாமல் விலாவின் இருபுறமும் பரப்பியதால் விலங்கின் முதுகு புண்ணாகாமல் காக்கப்பட்டது. ஆனால் பொதியைத் தொங்கவிட அதில் கொம்போ கொக்கியோ இல்லை. ஆகவே சுமை நிலைத்து நிற்பது முழுவதும் கயிற்றையே சார்ந்திருந்தது.

இத்தேவைக்கு விடையாக நின்றதே சாய்சதுரக் கட்டு. இருபுறப் பொதிகளையும் முதலில் ஒரு தூக்குக் கயிற்றால் பிணைத்து எடையைச் சமன்செய்தபின், வயிற்றின்கீழ் செல்லும் அகன்ற பட்டையோடு இணைந்த நீண்ட கயிற்றைப் பொதியின் மேலாக வீசி, மறுபுறம் அப்பட்டையின் கொக்கியில் மாட்டுவர். பின்னர் உச்சியில் கயிற்றைச் செருகிக் கண்ணியாக விரித்து, இருபுறப் பொதிகளின் மூலைகளையும் சுற்றி, விலங்கின் இருபுறமும் நிற்கும் இருவர் மாறி மாறி இழுப்பர். கயிறு ஒரே தொடராக ஓடுவதால் கடைசி இழுப்பின் விசை எல்லாப் பக்கங்களுக்கும் பரவி, பொதியைக் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் ஒருங்கே அழுத்துகிறது. இறுதியில் இடப்படும் உருவு முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடலாம் என்பதால், விலங்கு இடறி விழும் நேரத்தில் அதை விரைந்து விடுவிக்கவும் முடிந்தது.

1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததைத் தொடர்ந்து மலைச்சுரங்கங்களுக்கு உணவும் கருவிகளும் சுமந்த மெக்சிகோப் பொதிகாரர்கள் வழியாக இத்திறன் வடக்கே பரவியது. 1871-இல் அரிசோனாவில் அமெரிக்கப் படைப்பொறுப்பேற்ற ஜார்ஜ் குரூக், வண்டிகள் செல்லாத நிலத்தில் அப்பாச்சி மக்களுக்கு எதிரான போரை நடத்தப் பொதிக்கூட்டங்களைச் சீர்படுத்தினார். பின்னர் படையின் தலைமைப் பொதிகாரர் ஹென்றி டேலி கையேடுகள் எழுத, கைவழியே பயிலப்பட்ட திறன் படவிளக்கத்தோடு கற்பிக்கப்படும் பாடமாயிற்று. இந்த அறிவு மெக்சிகோவின் உழைப்பாளர்களிடமிருந்து வந்தது என்பதை அக்கையேடுகளில் நிலைத்த ஸ்பானியக் கலைச்சொற்கள் காட்டுகின்றன.

20-ஆம் நூற்றாண்டில் சேணம் மாறியது. வடக்கு ராக்கி மலைப்பகுதியில் பரவிய டெக்கர் சேணத்தின் மேற்புறத்தில் இரும்பு வளையங்கள் இருந்தன. கித்தானில் சுருட்டிய பொதிகளை அவற்றில் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டால் வயிற்றைச் சுற்றிய நெடுங்கயிறு தேவைப்படவில்லை. படையும் 1920-களில் உலோகத் தாங்கிகள் கொண்ட பிலிப்ஸ் சேணத்தை நோக்கி நகர்ந்து, 1956-இல் தன் கோவேறு கழுதைப் பிரிவுகளைக் கலைத்தது.

ஆயினும் இக்கட்டு மறையவில்லை. 1964-ஆம் ஆண்டின் அமெரிக்க வனாந்தரச் சட்டம் காக்கும் பகுதிகளில் மோட்டார் ஊர்திகளுக்குப் பொதுவாகத் தடை உள்ளதால் பொதிவிலங்குகள் இன்றும் அங்கே சுமை ஏற்கின்றன. சேணத்தின் வளையத்தில் அடங்காத ஒழுங்கற்ற சுமை வரும்போது பொதிகாரர்கள் சாய்சதுரக் கட்டையே நாடுகின்றனர். சேணம் கைவிடும் இடத்தில் கயிறு பொறுப்பேற்கும் என்ற பழைய விதி, கட்டின் தோற்றத்தைப் போலவே அதன் நிலைபேற்றையும் விளக்குகிறது.